யாரைக் கொல்வது? லினக்ஸின் 'பேட்னஸ்' கணக்கை வாசித்தல்

2009-இல் ஒரு மாதக் கடைசி. இரவு இரண்டேகால் மணிக்கு போன். நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியின் பில்லிங் சர்வர் பதில் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தோடு லாகின் செய்து பார்த்தால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. டேட்டாபேஸ்தான் விழுந்து, எழுந்து, ரெக்கவரியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. கெர்னல் லாக்கில் காரணம் இருந்தது. மெமரி தீர்ந்துவிட்டது, இன்ன நம்பர் பிராசஸைக் கொன்றேன், பெயர் போஸ்ட்கிரஸ். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மீட்டிங். அங்கே ஓடிய தர்க்கம் எளிமையானது: எது செத்ததோ அதுதான் மெமரியைத் தின்றிருக்கிறது. டேட்டாபேஸைக் கவனித்துக்கொண்டவர் ஐம்பதை நெருங்கியவர், எங்கள் எல்லோருக்கும் 'சார்'. "ஷேர்டு மெமரி ஒரு ஜிபிதான் குடுத்திருக்கேன், ஆறு மாசமா அதைத் தொடவே இல்லையே"ன்னு அவர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? லாக்கில் பெயர் இருக்கிறதே. ஒரு ஜிபியை 256 எம்பியாகக் குறைக்கச் சொன்னார்கள். சார் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதக் கடைசியில் சர்வர் விழவில்லை. ஆக, தீர்ப்பு சரிதான் என்று நிரூபணமும் ஆகிவிட்டது. பில்லிங் ஸ்கிரீன்கள் மட்டும் பல மாதங்கள் ஆமை வேகத்தில் ஓடின.

அந்த இரவு மெமரியைத் தின்றது நான் எழுதிய பெர்ல் ஸ்கிரிப்ட். மாதாந்திர ரிப்போர்ட்டுக்காக ஒரு பெரிய டேபிளை முழுசாக மெமரிக்கு இழுத்துவைத்துக் கணக்குப் போடும். அன்றுதான் அதன் முதல் ஓட்டம். இது எனக்கே தெரிந்தது இரண்டு வருடம் கழித்து, லினக்ஸ் கெர்னலில் எம்எம் ஃபோல்டரில் இருக்கும் ஓஓஎம்_கில்.சி என்ற கோப்பைப் பொழுதுபோகாமல் வாசித்தபோது.

இந்தக் கட்டுரை அந்தக் கோப்பைப் பற்றிய விமர்சனம். கோட் ரிவ்யூ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாவலையோ சட்டத்தையோ வாசிப்பதுபோல் வாசிக்கத் தகுந்த கோப்பு இது. கெர்னலில் மற்ற இடங்களில் எப்படிச் செய்வது என்ற கேள்விதான் இருக்கும். இங்கே மட்டும் யாரைச் செய்வது என்ற கேள்வி.

முதலில் இந்த நிலைமை ஏன் வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடிக்கிறோம், சமையல்காரரிடம் அறுநூறு இலை என்கிறோம். வராதவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கைதான். லினக்ஸும் மெமரியை அப்படித்தான் கொடுக்கிறது. ஒரு புரோகிராம் மாலக் வழியாக ஒரு ஜிபி கேட்டால் கெர்னல் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்லும். ஆனால் கொடுப்பது முகவரிகளை மட்டும்தான். ஒவ்வொரு பேஜையும் புரோகிராம் முதல்முறை எழுதத் தொடும்போதுதான் உண்மையான ரேம் போய்ச் சேரும். ஃபோர்க் செய்யும்போதும் இதே கதை: தாயின் மெமரியைப் பிள்ளைக்கு உடனே நகலெடுப்பதில்லை, யாராவது எழுதும்போது மட்டும் அந்தப் பேஜ் நகலாகும். இதற்கு ஓவர்கமிட் என்று பெயர். பல நாள் அற்புதமாக வேலை செய்யும். என்றைக்காவது ஆயிரம் பேரும் வந்து உட்கார்ந்துவிட்டால், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அவனுக்கு ஏற்கெனவே சரி என்று சொல்லியாகிவிட்டது. பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பியாக வேண்டும். எழுப்புகிறவர்தான் ஓ.ஓ.எம். கில்லர்.

கோப்பின் தலையில் ரிக் வான் ரியலின் பெயரும் 1998, 2000 என்ற ஆண்டுகளும் இருக்கும். 2.6 காலத்துப் பதிப்புகளில், பேட்னஸ் என்ற ஃபங்ஷனுக்கு மேல் ஒரு கமென்ட். நல்ல பலி என்றால் என்ன என்பதற்கு அதில் ஐந்து இலக்கணங்கள் சொல்லியிருக்கும்: செய்த வேலையில் குறைந்ததே இழக்கப்பட வேண்டும், நிறைய மெமரி திரும்பக் கிடைக்க வேண்டும், மெமரியைத் தின்னாத அப்பாவியைக் கொல்லக் கூடாது, முடிந்தவரை ஒரே ஒரு பிராசஸைத்தான் கொல்ல வேண்டும், பயனர் எதைக் கொல்வோம் என்று எதிர்பார்ப்பாரோ அதைத்தான் கொல்ல வேண்டும். மிகக் கவனமாகச் செதுக்கியது, கைவைக்கும்போது ஜாக்கிரதை என்ற எச்சரிக்கையும் உண்டு.

முதன்முறை வாசித்தபோது எனக்கு அந்த ஆசிரியர்மேல் மரியாதை வந்தது. அந்தக் காலத்துக் கெர்னல் கோடில் 'அப்பாவி' என்ற சொல்லை எழுத ஒரு மனசு வேண்டும். ஆனால் கமென்டுக்குக் கீழே கணக்கு இருக்கிறது. அங்கேதான் வம்பு.

பழைய கணக்கு இப்படிப் போகும். பிராசஸ் கேட்டுவாங்கிய மொத்த முகவரி இடம்தான் ஆரம்ப மதிப்பெண்; உண்மையில் தொட்டது எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அதோடு ஒவ்வொரு பிள்ளையின் அளவில் பாதியும் தாயின் தலையில் சேரும். இதற்கு அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளி சர்வரைக் கவிழ்க்கும் புரோகிராமைப் பிடிக்க வேண்டும். பிறகு அதை, பிராசஸ் செலவழித்த சிபியூ நேரத்தின் வர்க்கமூலத்தாலும், அது பிறந்து கழிந்த நேரத்தின் நான்காம் மூலத்தாலும் வகுக்க வேண்டும். உழைத்தவனுக்கும் வயதானவனுக்கும் சலுகை. நைஸ் போட்டு ஒதுங்கி ஓடுபவனுக்கு மதிப்பெண் இரண்டு மடங்கு. தாழ்ந்த வேலைதானே என்ற எண்ணம். ரூட் என்றால் நான்கால் வகுத்தல். ஹார்டுவேரை நேரடியாகத் தொடும் உரிமை இருந்தால் இன்னொரு நான்கால் வகுத்தல். சாதாரண ரூட் பிராசஸிடம் இந்த இரண்டாவது உரிமையும் தானாகவே இருக்கும், ஆக மொத்தம் பதினாறில் ஒரு பங்கு.

இதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு அந்த இரவு ஞாபகம் வந்தது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன், எண்கள் உத்தேசம்தான். 4 ஜிபி சர்வர், ஸ்வாப் கிடையாது. என் ஸ்கிரிப்ட் 2.5 ஜிபி, ஐந்து நிமிட சிபியூ. கெர்னல் அதை எட்டு எட்டு விநாடியாக எண்ணும், வர்க்கமூலம் 6 வரும். 2500-ஐ 6-ஆல் வகுத்தால் 416. பிறந்து கால் மணி நேரம்கூட ஆகாததால் வயதுச் சலுகை இல்லை. அடுத்து போஸ்ட்கிரஸ். தாய்ப் பிராசஸ் ஒரு ஜிபி. அறுபது கனெக்‌ஷன், அறுபது பிள்ளைகள். எல்லோரும் அதே ஒரு ஜிபி ஷேர்டு மெமரியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் முகவரிக் கணக்கில் ஒவ்வொருவரும் ஒரு ஜிபிக்காரர். அறுபது பேரில் பாதிப் பாதி, 30 ஜிபி. தாயோடு சேர்த்து 31. நாலு ஜிபி மெஷினில்! உழைப்புக்கு 8, நாற்பது நாள் வயதுக்கு 7 என்று வகுத்தாலும் 550-க்கு மேல் நிற்கிறது. தாய்தான் குற்றவாளி.

என் ஸ்கிரிப்ட் கிரானில் ரூட் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. சோம்பேறித்தனம், வேறு காரணம் இல்லை. அதனால் அந்த 416-ஐயும் பதினாறால் வகுக்க வேண்டும். 26. நான்கு ஜிபியில் இரண்டரை ஜிபியை விழுங்கியவனுக்கு மதிப்பெண் 26.

இதோடு முடியவில்லை. தாயைத் தேர்ந்தெடுத்த பிறகு, பழைய கோட் உடனே தாயைக் கொல்லாது. தனி மெமரி வைத்திருக்கும் பிள்ளை கிடைத்தால் முதலில் அதைக் கொல்லும். தாய்க்காகப் பிள்ளையைப் பலிகொடுத்து வேலையைக் காப்பாற்றலாம் என்ற நல்லெண்ணம். போஸ்ட்கிரஸின் ஒரு பிள்ளையைக் கொன்றால் என்ன கிடைக்கும்? சில எம்பி. ஷேர்டு மெமரி மற்ற ஐம்பத்தொன்பது பேர் கையில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை சிக்னல் வாங்கிச் செத்தால், பொது மெமரி சிதைந்திருக்கலாம் என்று போஸ்ட்கிரஸ் பயப்படும். எல்லாக் கனெக்‌ஷனையும் துரத்திவிட்டு ரெக்கவரிக்குப் போகும். அன்று மெமரி விடுபட்டதற்கு இந்தப் பயம்தான் காரணம், கெர்னலின் கணக்குக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ஐந்து இலக்கணங்களையும் பாருங்க: வேலை இழப்பு அதிகபட்சம், நேரடியாகக் கிடைத்த மெமரி அற்பம், செத்தது அப்பாவி, ஒன்றுக்குப் பதில் அறுபது, எதிர்பார்ப்பு சுத்தமாகப் பொய். ஐந்துக்கு ஐந்தும் தோல்வி.

டேபிளை ஏற்கெனவே இழுத்துவைத்திருந்ததால் என் ஸ்கிரிப்ட் நிம்மதியாக ஓடி முடித்து மூன்று மணிக்கு ரிப்போர்ட்டை மெயில் அனுப்பியது. மேனேஜர் பாராட்டினார்.

இதையெல்லாம் கெர்னல்காரர்கள் அறியாமல் இல்லை. 2004-இல் ஒருவர், தன் ஸ்கிரீனைப் பூட்டி வைத்திருந்த எக்ஸ்லாக் புரோகிராமையே ஓ.ஓ.எம். கில்லர் கொன்றுவிடுகிறது என்று ஒரு பேட்ச் அனுப்பினார். பூட்டைக் கொன்றால் ஸ்கிரீன் திறந்துகொள்ளும்! இன்னின்ன பெயருள்ள புரோகிராம்களுக்கு மன்னிப்பு கொடுங்கள் என்பதுதான் அவர் கோரிக்கை. அதற்கு ஆண்ட்ரீஸ் பிரவுவர் ஒரு விமானக் கம்பெனிக் கதையைப் பதிலாக எழுதினார். எரிபொருளைக் குறைத்து ஏற்றினால் லாபம் என்று கண்டுபிடித்த கம்பெனி, எரிபொருள் தீரும் அபூர்வ சமயங்களில் ஒரு பயணியை வெளியே தள்ளும் கருவியை உருவாக்குகிறது. யாரைத் தள்ளுவது என்பதற்கு எஞ்சினியர்கள் கோட்பாடு கோட்பாடாக உருவாக்கிக்கொண்டே போகிறார்கள். கனமானவரையா, வயதானவரையா, காசு கொடுத்தால் தப்பிக்கலாமா, விமானியையே தள்ளிவிட்டால் என்ன ஆவது?

இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே எல்லோரும் பகிர்வார்கள், நானும் பகிர்ந்திருக்கிறேன். இப்போது வாசிக்கும்போது ஒரு குறை தெரிகிறது. எரிபொருளை முழுசாக ஏற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதுபோல் கதை பேசுகிறது. லினக்ஸில் அதற்கும் வழி இருக்கிறது. ஓவர்கமிட்_மெமரி என்ற செட்டிங்கை 2 ஆக்கினால் கெர்னல் கண்டிப்பான கணக்கு வைத்துக்கொள்ளும். இருப்புக்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுக்காது. விண்டோஸ் அடிப்படையிலேயே இப்படித்தான். ரேம், பேஜ்ஃபைல் இரண்டும் சேர்ந்த வரம்பைத் தாண்டிக் கேட்டால் கேட்ட இடத்திலேயே மறுத்துவிடும். நேர்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் மறுப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது? பெரியவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கடைசியாகக் கைநீட்டிய சின்னவனுக்குத்தான் இல்லை என்ற பதில். மாலக் தோற்றால் என்ன செய்வது என்று முறையாக எழுதப்பட்ட புரோகிராம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவை அந்த இடத்திலேயே விழும். கொலை இல்லை, ஆனால் சாவு உண்டு. பழைய கெர்னல்களில் லாக்கிலும் ஒரு வரி இருந்ததில்லை.

நான் ஒருமுறை 2 போட்டுப் பார்த்தேன். ஸ்வாப் இல்லாத மெஷினில் இயல்பான விகிதம் ரேமில் பாதிதான் என்பதைக் கவனிக்கவில்லை. பாதி ரேம் சும்மா கிடக்க, மீதி எல்லாம் மெமரி இல்லை என்று அலறியது. போஸ்ட்கிரஸ் ஆவணம் இந்த 2-ஐத்தான் பரிந்துரைக்கிறது. ரெடிஸ் ஆவணமோ 1 போடச் சொல்கிறது, அதாவது எதைக் கேட்டாலும் சரி சொல். ஏனென்றால் ரெடிஸ் டிஸ்கில் சேமிக்கும்போது தன்னையே ஃபோர்க் செய்கிறது, கண்டிப்பான கணக்கில் அந்த ஃபோர்க் தோற்கலாம். இரண்டையும் ஒரே சர்வரில் வைத்திருப்பவர் என்ன செய்ய? இது கெர்னல் முழுவதற்கும் ஒரே செட்டிங்.

திரும்பக் கோப்புக்கு வருவோம். 2010-இல், அப்போது கூகிளில் இருந்த டேவிட் ரியன்ட்ஜெஸ் பேட்னஸ் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எழுதினார், 2.6.36-இல் வந்தது. உழைப்பு, வயது, நைஸ் எல்லாம் போயிற்று. இப்போது ரேமில் இருப்பது, ஸ்வாப்பில் இருப்பது, பேஜ் டேபிள் மூன்றையும் கூட்டி, மொத்தத்தில் ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்க்க வேண்டியதுதான். ரூட்டுக்கு 3 சதவீதச் சலுகை மட்டும் மிஞ்சியது. அதையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். தாய்க்குப் பதில் பிள்ளையைக் கொல்லும் வழக்கம் 2019-இல் போனது. மேலே இருந்த ஐந்து இலக்கணக் கமென்டும் போய், கணக்கை எளிமையாகவும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாகவும் வைத்திருக்கிறோம், அதிகம் தின்பவனுக்கு அதிக மதிப்பெண், என்ற அளவில் ஒரு கமென்ட் நிற்கிறது.

என் இரவை இந்தப் புதுக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் 625, ரூட் சலுகை போக 595. போஸ்ட்கிரஸ் பிள்ளை ஒன்று, அதிகபட்சமாக 250. ஸ்கிரிப்ட் செத்திருக்கும். சார் வீட்டில் தூங்கியிருப்பார்.

அப்படியானால் நான் புதுக் கணக்கின் ரசிகனாக இருக்க வேண்டும். பாதிதான். நியாயம் பார்க்கும் வேலையை விட்டது சரியான முடிவு. தப்பும் தவறுமாக நியாயம் பார்ப்பதைவிட, எப்படி நடக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்த முரட்டு விதி மேல். அதற்கேற்ப நான் தயாராகலாம். ஆனால் இரண்டு இடங்களில் இந்தக் கோப்போடு எனக்குச் சண்டை இருக்கிறது.

ஒன்று, ஃபங்ஷனுக்கு இன்னும் பேட்னஸ் என்றே பெயர். அது அளப்பது பருமனை. டேட்டாபேஸுக்காகவே ஒரு சர்வர் வாங்குகிறோம், அதன் ரேமில் அறுபது சதவீதத்தை டேட்டாபேஸுக்குக் கொடுக்கிறோம், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்டோ மானிட்டரிங் ஏஜென்டோ கசிந்து கசிந்து இருபது சதவீதம் வீங்குகிறது. கொலைப்பட்டியலில் முதல் பெயர் யாருடையது? அந்த மெஷின் எதற்காக வாங்கப்பட்டதோ அதனுடையது. நேற்று எவ்வளவு இருந்தான், இன்று எவ்வளவு ஆனான் என்ற கேள்வியே கணக்கில் இல்லை. வளர்ச்சியைக் கணக்கில் எடுத்தால் மறுபடியும் பழைய ஊகச் சேற்றில்தான் இறங்குவோம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பெயரையாவது மாற்றுங்கள். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மீட்டிங்கில் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. கூட்டுத்தொகையில் ஷேர்டு பேஜ்களும் முழுசாக சேர்கின்றன. கையில் வைத்திருப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறது, கொன்றால் எவ்வளவு விடுபடும் என்று பார்ப்பதில்லை. இதில் என்னை எரிச்சலூட்டுவது, கெர்னலுக்கு வித்தியாசம் ஓரளவு தெரியும் என்பதுதான். கொன்ற பிறகு லாக்கில் எழுதும் வரியிலேயே தனி மெமரி இவ்வளவு, ஃபைல் வழி வந்தது இவ்வளவு, ஷேர்டு இவ்வளவு என்று பிரித்துத்தான் காட்டுகிறது. தீர்ப்பு எழுதும்போது கூட்டுகிறது, இரங்கல் எழுதும்போது பிரிக்கிறது! ஒரு பேஜில் யாருக்கு எத்தனை பங்கு என்று துல்லியமாகக் கண்டுபிடிக்க எல்லாப் பேஜ் டேபிளையும் நடந்து பார்க்க வேண்டும், தீப்பிடித்த வீட்டில் அதற்கு நேரம் இல்லை என்பது நியாயமான பதில். ஷேர்டு மெமரியை ஒருவனே நிரப்பினால் அவனைப் பிடிக்க அது கணக்கில் இருந்தாகவும் வேண்டும். இருந்தாலும், டிஎம்பிஎஃப்எஸ்-இல் யாரோ கோப்புகளைக் கொட்டி ரேமை நிரப்பியிருந்தால், அந்தப் பேஜ்கள் எந்தப் பிராசஸின் பெயரிலும் இல்லாமல், ஒவ்வொருவராகக் கொன்றும் ஒன்றும் கிடைக்காத கூத்து இன்றும் நடக்கும்.

மிச்ச நியாயத்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜ் என்று ஒரு எண். மைனஸ் 1000 முதல் 1000 வரை, மதிப்பெண்ணோடு கூடும். மைனஸ் 1000 என்றால் தொடவே மாட்டார்கள். எஸ்எஸ்எச் சர்வர் தனக்கு மைனஸ் 1000 போட்டுக்கொள்கிறது, எல்லாம் போனாலும் நாம் உள்ளே நுழைய வழி வேண்டுமே. குரோம் பிரவுசர் தன் டேப்களைக் காட்டும் பிராசஸ்களுக்கு 300 கூட்டி, என்னைவிட இவர்களை முதலில் எடுங்கள் என்கிறது. குபெர்னெட்டிஸ், மெமரிக்கு முழு உத்தரவாதம் வாங்கிய கன்டெய்னருக்கு மைனஸ் 997 கொடுக்கிறது, எதுவும் கேட்காமல் வந்தவனுக்கு 1000. விமானக் கதையில் காசு கொடுத்தால் தப்பிக்கலாமா என்ற கிண்டல் வந்தது இல்லையா, பதினைந்து வருடத்துக்குள் அது தயாரிப்பு அம்சமாகிவிட்டது.

இந்த எண்ணில் எனக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. எண்ணை ஏற்றிக்கொள்ள, அதாவது என்னை முதலில் கொல்லுங்கள் என்று சொல்ல, எந்தப் பிராசஸுக்கும் அனுமதி தேவையில்லை. இறக்கிக்கொள்ளத்தான் சிறப்பு உரிமை வேண்டும். ஆனால் நான் பார்த்த அலுவலகங்களில் இறக்கியவர்கள்தான் ஏராளம். ஒவ்வொரு டீமும் தன் சர்வீஸுக்கு மைனஸில் ஒரு எண் போட்டிருக்கும். எல்லோரும் விஐபி என்றால் வரிசையே இல்லை.

இதை உருப்படியாகச் செய்தது ஆண்ட்ராய்டு என்பது என் கட்சி. நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் ஆப்புக்கு 0, ஓரமாகத் தெரிவதற்கு 100, பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதற்கு 200, இப்படியே போய், பின்னால் மறந்து கிடப்பதற்கு 900-க்கு மேல். எண்களை ஆப் போட்டுக்கொள்வதில்லை. யார் முன்னால் இருக்கிறார் என்று அறிந்த சிஸ்டம்தான் போடுகிறது, நாம் விரலால் தள்ளத் தள்ள எண் மாறுகிறது. அதைவிட முக்கியம், எந்த நேரமும் நீ கொல்லப்படலாம், நிலையைச் சேமித்துவைத்துக்கொள் என்று ஆப் எழுதுபவரிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். சர்வர் உலகில் அந்த ஒப்பந்தம் யாரோடும் யாரும் போடவில்லை.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கெர்னல் கடைசி நொடிவரை காத்திருந்துதான் கொல்லும். அதற்குள் டெஸ்க்டாப்பில் மவுஸ் பாயின்ட்டர் நகராமல் பல நிமிடம் உறைந்துவிடும், நாமே பவர் பட்டனை அழுத்திவிடுவோம். இதற்காக 2018-இல் 4.20 கெர்னலில், மெமரிக்காகக் காத்திருந்தே எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அளக்கும் வசதி வந்தது. அதை வைத்து சிஸ்டம்டி-ஓஓஎம்டி போன்றவை முன்கூட்டியே கொல்கின்றன. உபுண்டு 22.04 அதை டெஸ்க்டாப்பில் இயல்பாகவே இயக்கி வெளியிட்டது. மெமரி மிச்சம் இருக்கும்போதே பிரவுசர் காணாமல் போகிறது என்று புகார் கிளம்பி, விதிகளை மாற்றினார்கள். தாமதமாகக் கொன்றாலும் திட்டு, சீக்கிரம் கொன்றாலும் திட்டு.

லாக் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கொல்லும் நேரத்தில் எல்லாப் பிராசஸ்களின் அளவையும் அட்டவணையாக எழுதும் வசதி 2008-இல் வந்தது. இயல்பாகவே இயங்கும்படி ஆனது 2010 மாற்றத்தோடு. எங்கள் சர்வரில் இருந்த 2.6.18-இல் அது இல்லை. இருந்திருந்தால் அந்த மீட்டிங்கில் யார் வேண்டுமானாலும் இரண்டரை ஜிபி பெர்ல் என்ற வரியைப் பார்த்திருப்பார்கள். சாருக்குப் பதில் நான் கடிதம் எழுதியிருப்பேன். மதிப்பெண் கணக்கைப் பற்றிய அத்தனை வாதங்களையும்விட இந்த ஒரு அட்டவணைதான் பெரிய முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை வாசிப்பவர்கள் குறைவு. இன்றும் ஜூனியர்கள் எனக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி வரி மட்டும்தான் இருக்கும், செத்தவன் பெயர். "சார், ஜாவா மெமரி லீக் ஆகுது போல." மேலே நூறு வரி அட்டவணை இருக்கும், அதை வெட்டிவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

கணக்குப் போட்டு முடித்த அன்று சாருக்கு போன் செய்தேன். அவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார். முழுக் கதையையும் சொன்னேன், 31 ஜிபி, 26 மதிப்பெண், ரூட் கிரான் உட்பட. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த ஸ்கிரிப்ட் உன்னோடதுன்னு எனக்கு அப்பவே ஒரு டவுட் இருந்துச்சுப்பா. ரிப்போர்ட் மூணு மணிக்கு வந்துச்சுல்ல. ப்ரூஃப் இல்ல, அதான் சொல்லல" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு. ஷேர்டு மெமரியைத் திரும்ப ஏத்திட்டாங்களா?" என்றுதான் கேட்டார்.

ஏற்றியிருக்கவில்லை. மறுநாள் நான்தான் அந்த 256-ஐ மறுபடி ஒரு ஜிபியாக்கினேன், காரணத்தை மெயிலில் எழுதி, எல்லோருக்கும் காப்பி போட்டு. ஸ்கிரிப்டை ரூட்டிலிருந்து மாற்றி, டேபிளைத் துண்டு துண்டாக வாசிக்கும்படி திருத்தினேன். கெர்னலைப் புதுப்பித்த பிறகு, நான் எழுதும் எந்த ரிப்போர்ட் ஸ்கிரிப்டுக்கும் முதல் வரி ஒன்றுதான்: தன் ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜ் கோப்பில் 1000 எழுதிக்கொள்வது. இதுவரை மூன்று முறை செத்திருக்கின்றன.